பெஞ்சில் நன்றாக இருக்கும் ஆல்டர்னேட்டர் வண்டியில் ஏன் சார்ஜ் ஏற்றவில்லை?

வணக்கம். இன்று ஆல்டர்னேட்டரைப் பற்றி, அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியைப் பற்றி, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 2007 மாடல் டீசல் இண்டிகா வைத்திருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "14 மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். எஞ்சின் ஓடும்போது லைட், ஏசி புளோயர் போட்டால் பேட்டரியில் 13.1 வோல்ட்தான் வருகிறது. ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்தேன். பெஞ்சில், அதாவது அவர்கள் சோதனை மேசையில், 14.2 வோல்ட் காட்டுகிறது, நல்லாயிருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோளாறு எங்கே?"

நல்ல கேள்வி. பாதி விடை அவருடைய கேள்வியிலேயே இருக்கிறது.

முதலில், இந்த வண்டியில் கோளாறு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் சார்ஜ் குறைந்தால் ஸ்பார்க் பலவீனமாகி வண்டி இழுத்து இழுத்து ஓடும், நமக்குத் தெரிந்துவிடும். பழைய இண்டிகாவில் இருப்பது மெக்கானிக்கல் டீசல் பம்ப். ஸ்டார்ட் ஆன பிறகு பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டுக்குக் கொஞ்சம் கரண்ட் கிடைத்தால் போதும், வண்டி பாட்டுக்கு ஓடும். ஆனால் மறுநாள் காலையில் எஞ்சின் உள்ளே சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கும் ஆளுக்குச் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். அப்புறம் டீசல் கம்ப்ரஷனைத் தள்ளிச் சுற்ற செல்ஃப் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். அரைகுறைச் சார்ஜில் இருக்கும் பேட்டரி அங்கேதான் விழுகிறது. நாமும் பேட்டரி போய்விட்டது என்று புதிதாக வாங்குகிறோம். 13.1 வோல்ட்டிலேயே ஓடும் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிறையாது. பிளேட்டில் சல்பேட் படிந்துகொண்டே வரும். இவருடைய இரண்டு பேட்டரிகளும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

சரி, சோதனைக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், மீட்டரில் பேட்டரி லைட் எரிய வேண்டும். பழைய ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட் உள்ளே சுற்றும் ரோட்டருக்குப் போகிறது. பல்பு ஃபியூஸ் போயிருந்தால் எஞ்சினை ஒருமுறை நன்றாக ரெய்ஸ் செய்யும் வரை சார்ஜ் தொடங்காமலே இருக்கலாம். அடுத்து பெல்ட்: உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் அது வழுக்குகிறது, மாற்றிவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பெஞ்சில் 14.2, வண்டியில் 13.1. நடுவில் 1.1 வோல்ட் எங்கே போனது? பெஞ்சில் குட்டையான தடித்த வயர் போட்டு, பாடியை நேராக கிளிப்பில் பிடித்துச் சோதிக்கிறார்கள். வண்டியில் அதே கரண்ட் இத்தனை வருடப் பழைய வயர், லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்), எர்த் பட்டை (எஞ்சினையும் வண்டி பாடியையும் இணைத்துக் கரண்டை பேட்டரி மைனஸுக்குத் திருப்பும் வயர்) எல்லாம் தாண்டிப் போக வேண்டும். இதை ஓம் மீட்டரிலோ பீப் சத்தத்திலோ கண்டுபிடிக்க முடியாது. 0.02 ஓம் தடையை எந்தச் சாதாரண மீட்டரும் காட்டாது, ஆனால் 40 ஆம்பியர் ஓடும்போது அந்தத் தடையே 0.8 வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். தோளில் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள், பெல்ட் பக்கத்தில் கை போகிறது. ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டு, இன்னொருவரை ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரில் சார்ஜ் வெளியே வரும் பி பிளஸ் நட்டிலும், கறுப்பை பேட்டரி பிளஸ்ஸின் ஈயத் தூணிலும் வையுங்கள். கிளாம்பில் வைக்காதீர்கள், கிளாம்புக்கும் தூணுக்கும் இடையிலேயே கோளாறு இருக்கலாம். 0.3 வோல்ட்டுக்குள் வந்தால் அந்தப் பக்கம் சரி. அப்புறம் சிவப்பை ஆல்டர்னேட்டர் பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்திலும், கறுப்பை பேட்டரி மைனஸ் தூணிலும் வையுங்கள். இங்கே 0.2-ஐத் தாண்டக் கூடாது.

என் அனுபவத்தில் பத்தில் ஏழு வண்டியில் மாட்டுவது இந்த இரண்டாவது சோதனையில்தான். எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. பேட்டரி மைனஸிலிருந்து வண்டி பாடிக்குப் போகும் வயர், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் பட்டை, இரண்டையும் கழற்றிப் பாருங்கள். வெளியே நன்றாகத்தான் இருக்கும். லக்கை அசைத்தால் வயர் நுழையும் இடத்தில் பச்சைப் பொடி உதிரும். உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். போல்ட்டுக்குக் கீழே துரு, சில வண்டிகளில் டிங்கரிங் செய்தபோது அடித்த பெயிண்ட் கூட இருக்கும். இன்னொரு அடையாளமும் சொல்கிறேன்: எஞ்சின் எர்த் போன வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடாகும். கரண்ட் வேறு வழியில்லாமல் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிப் போகிறது.

பட்டையைப் புதிதாகப் போடுங்கள், போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பேட்டரி விலையின் பக்கத்தில் கூட வராது.

பி பிளஸ்ஸுக்கும் ஆல்டர்னேட்டர் பாடிக்கும் நடுவிலேயே 13.5-ஐத் தாண்டவில்லை என்றால் மட்டும் ஆல்டர்னேட்டரை மறுபடி சந்தேகப்படுங்கள். இண்டிகாவில் பிரேக் மிதியை லேசாக்கும் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால்தான் இருக்கிறது, அதற்கு எஞ்சின் ஆயில் போகிறது. சீல் போனால் ஆயில் உள்ளே வந்து கார்பன் பிரஷ்ஷில் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது பெஞ்சில் சரியாகக் காட்டிவிட்டு, சூடானதும் வண்டியில் சார்ஜ் விட்டு விட்டு வரும். பிரேக் மிதி இறுகியது போல் இருந்தால் அதைத் தள்ளிப்போடவே போடாதீர்கள், சார்ஜைவிட அது பெரிய விஷயம். டையோடு (ஆல்டர்னேட்டரின் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் பாகம்) போயிருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு பிளேட்டில் பழுது இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, அதைக் கட்டுப்படுத்தும் நல்ல ரெகுலேட்டரும் டையோடும் எரிந்துபோகும்.

எர்த்தைச் சரிசெய்த பிறகு இப்போதிருக்கும் பேட்டரியை வெளியே எடுத்து, ஒரு ராத்திரி முழுக்க ஸ்லோ சார்ஜ் போட்டுவிட்டு மாட்டுங்கள். அப்புறம் லைட், புளோயர் போட்டு மறுபடி அளந்து, அந்த மூன்று அளவையும் எனக்கு அனுப்புங்கள்: பிளஸ் பக்கம் எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு, பேட்டரியில் எவ்வளவு.