வெட்டினால் கொத்தாக முளைக்கும் கன்றை வேரோடு பிடுங்கும் குறடு: பழைய இரும்பில் நாமே செய்யலாம்

(காட்சி: புல்வெளியில் வெட்டப்பட்ட கொய்யாத் தூர், அதைச் சுற்றிக் கொத்தாக எழுந்த தளிர்கள்.)

வணக்கம். இந்தத் தூரை நன்றாகப் பாருங்கள். மேய்ச்சல் நிலத்தில் முளைத்த கொய்யாவைக் கத்தியால் வெட்டுகிறவர், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஒரு புதரை உண்டாக்குகிறார். யூகலிப்டஸ் கன்றும், நாயுண்ணியும், இலங்கை மலையகத்தின் அம்பேவெல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கங்களில் மஞ்சள் பூப்பூத்துப் படர்ந்திருக்கும் கோர்ஸ் முட்புதரும் இதே குணம் உடையவை. வெட்டிய தூர் உயிரோடு இருக்கும் வரையில் அவை மீண்டும் எழும். ஆகவே பிடுங்க வேண்டும். வாடகைக்கு ஒரு பெரிய இயந்திரத்தை வரவழைக்க வசதியில்லாத சிறு பால் பண்ணையாளர், ஊரிலுள்ள ஒரு சாதாரண நான்கு சக்கர டிராக்டரையும் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் துண்டுகளையும் கொண்டு அதைச் செய்யலாம். அதற்கான சங்கிலிக் குறடு எப்படி அமைகிறது என்பதை இறுதி வரை பாருங்கள். ஏனெனில் நடுவில் வரும் ஒரு விவரம் தெரியாமல் செய்யப்படும் குறடு மரத்தைப் பிடிக்காது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையகத்தின் புற்றரைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட கோர்ஸும் அகேசியா இன மரமான வாட்டிலும் பரவின. கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் கவ்வாத்து நின்றுபோன செடிகள் மரமாகிவிட்டன. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் பசு மேய்த்த இடங்கள் புதராகிச் சுருங்கின.

(காட்சி: பட்டறை மேசை. இரண்டு தட்டை இரும்புக் கைகள், ஒரு போல்ட், ஒரு வளையம், சங்கிலி.)

இனிக் குறடு. சமையலறை இடுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியைப் பிடிக்கும்போது நமது கைதான் அதை அழுத்துகிறது. இந்தக் குறட்டில் அழுத்தும் கை கிடையாது. டிராக்டரின் இழுவையே அழுத்தமாக மாறுகிறது. இரண்டு இரும்புக் கைகள் கத்தரிக்கோலைப் போல் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கின்றன. நடுவில் ஒரு போல்ட் அவற்றை இணைக்கிறது. முன்பக்கம் இருப்பவை தண்டைக் கவ்வும் தாடைகள். பின்பக்கம் இருக்கும் இரண்டு முனைகளிலிருந்தும் தலைக்கொரு துண்டுச் சங்கிலி புறப்பட்டு ஒரே வளையத்தில் சேர்கிறது. அந்த வளையத்தை இழுத்தால் பின்முனைகள் உள்நோக்கி நெருங்குகின்றன, தாடைகளும் நெருங்குகின்றன. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது.

இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். ஈரமான மரப்பட்டைக்கும் இரும்புக்கும் இடையே உள்ள உராய்வுக் குணகத்தை, அதாவது அழுத்தும் விசையில் எவ்வளவு பங்கு பிடிமானமாக மாறுகிறது என்பதை, 0.3 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ விசையில் இழுக்கும்போது தாடை வழுக்காமல் இருக்க வேண்டுமானால், இரு தாடைகளும் சேர்ந்து தரும் உராய்வு 100 கிலோவுக்குக் குறையக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு தாடையும் தண்டை ஏறத்தாழ 167 கிலோ விசையுடன் அழுத்த வேண்டும். இழுக்கும் விசையைவிட அழுத்தும் விசை அதிகம் தேவைப்படுகிறது! அந்த மிகுதியை எங்கிருந்து பெறுவது? நெம்புகோலிலிருந்துதான். போல்ட்டிலிருந்து தாடை நுனி வரையுள்ள நீளத்தைப் போல் மூன்று மடங்காகப் பின்கையின் நீளத்தை வையுங்கள். தாடை 10 சென்டிமீட்டர் என்றால் பின்கை 30 சென்டிமீட்டர். இதற்கு மேல் தாடையின் உட்புறத்தில் பல்லும் வைத்துவிட்டால், மலையகத்து மழையில் வழவழத்துப்போன பட்டையும் கைக்கு அடங்கும்.

தொடக்கத்தில் நான் சொன்ன விவரம் இப்போது வருகிறது. பின்கைகள் அகல விரிந்திருக்கும்போது சங்கிலியின் இழுவை போல்ட்டிலிருந்து தூரமாகச் செல்கிறது. ஆகவே திருப்புவிசை பெரிதாக இருக்கிறது. கைகள் நெருங்கி ஒரே கோட்டில் வந்துவிட்டால் அந்தத் தூரம் சுருங்கிவிடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் அழுத்தம் அதிகரிக்காது, குறடு பட்டையை உரித்துக்கொண்டு நழுவி வரும். எனவே தண்டைக் கவ்விய நிலையில் பின்கைகள் நன்றாக விரிந்திருக்க வேண்டும். அதாவது ஒரே குறடு விரல் பருமனுள்ள கன்றுக்கும் கை பருமனுள்ள மரத்துக்கும் பொருந்தாது. சிறியது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எத்தனையோ பட்டறைகளில் அழகாக வெல்டிங் செய்த குறடுகள் மூலையில் கிடப்பதற்குக் காரணம் இரும்பின் தரம் அன்று, இந்த விரிவைப் பற்றி யாரும் எண்ணிப் பார்க்காததுதான். நேயர்களே, வெல்டிங் கடைக்குப் போகும் முன் கனமான அட்டையில் இரண்டு கைகளை வெட்டி, நடுவில் ஒரு ஆணியைக் குத்தி, உங்கள் நிலத்திலுள்ள கன்றின் பருமனுக்குச் சமமான ஒரு குச்சியைக் கவ்வச் செய்து பாருங்கள். தவறு இருந்தால் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

(காட்சி: லொறி ஸ்பிரிங் பட்டை, அரைக்கும் இயந்திரத்தின் தீப்பொறி.)

கைகளுக்கு 16 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண மென்னிரும்புப் பட்டை போதும். பற்களுக்கு மட்டும் பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டையை எடுங்கள், அது எளிதில் தேயாது. ஆனால் ஸ்பிரிங் இரும்பில் கரிமம் அதிகம். குளிர்ந்த நிலையில் வெல்டிங் செய்தால், ஒட்டுக்கு அருகிலுள்ள பகுதி கண்ணாடியைப் போல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. அது உடனே வெடிக்காமல் இழுக்கும் வேளையில் வெடிக்கும். ஆகவே இரண்டு துண்டுகளையும் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உலர்ந்த 7018 வகை வெல்டிங் குச்சியால் ஒட்டி, உடனே அடுப்புச் சாம்பல் நிறைந்த தகரத்தில் புதைத்து, மறுநாள் வரை ஆற விடுங்கள். தண்ணீரில் முக்கவே கூடாது. ஆறிய பின் சாம்பலைத் தட்டிவிட்டு ஒட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்; மயிரிழை போன்ற கீறல் தென்பட்டால் அந்தப் பல்லை அரைத்து எடுத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். நடுப் போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் இருக்க வேண்டும்: முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமையையும், இரண்டாவது எட்டு, அதில் 80 வீதம் வரை போல்ட் நிரந்தரமாக நீளாது என்பதையும் குறிக்கிறது.

இதனோடு சேரும் இன்னொரு சாதனத்தைச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. டயர் கழற்றிய பழைய லொறி றிம் ஒன்றைக் கன்றுக்கு அருகில் நிமிர்த்தி வைத்து, அதன் பள்ளத்தின் மேலாகச் சங்கிலியைக் கொண்டுபோங்கள். டிராக்டர் கிடையாக இழுக்கிறது. றிம்மைத் தாண்டியதும் அதே இழுவை கன்றை மேல்நோக்கித் தூக்குகிறது. கிடையாக இழுத்தால் தண்டு முறிந்து வேர் மண்ணிலேயே நிற்கும். மேல்நோக்கித் தூக்கினால் ஆணிவேரே கிளம்பி வரும். மழை பெய்து மண் இளகிய மறுநாளில் இதைச் செய்து பாருங்கள், வேர் மண்ணை விட்டு வரும் ஓசையைக் கேட்கலாம்.

(காட்சி: டிராக்டரின் பின்பகுதி, நெருக்கமாக.)

இப்போது உயிர் சம்பந்தமான செய்தி. சங்கிலியை எங்கே மாட்டுகிறீர்கள்? பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். கலப்பையைத் தாங்கும் மேல் இணைப்புக் கையை டிராக்டரில் பொருத்தும் உயரமான இடத்திலோ இருக்கைக்குப் பின்னாலோ மாட்டினால், வேர் அசைய மறுக்கும் கணத்தில் பின் சக்கரங்கள் நிற்க, டிராக்டரின் உடல் அவற்றைச் சுற்றி எழுந்து ஓட்டுநரின் மேல் கவிழும். ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற மும்முனை இணைப்பு, அதாவது கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று இடங்களில் பிணைக்கும் அமைப்பு, கலப்பை தடைபடும்போது முன் சக்கரங்கள் தரையில் பதிந்திருக்க உதவியது. உயரத்தில் கட்டிய சங்கிலி அந்தப் பாதுகாப்பை ஒரேயடியாக இல்லாமல் செய்துவிடுகிறது. புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் என்று சுவீடன் 1959இலேயே விதித்தது. நம்மூரில் ஓடும் பழைய டிராக்டர்கள் பலவற்றில் அது இல்லை. சட்டகமும் இருக்கைப் பட்டியும் இல்லாத வண்டியை மலைச்சரிவில் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரு சக்கர டிராக்டரான லேண்ட்மாஸ்டரும் இதற்கு உதவாது.

மேட்டை நோக்கி இழுத்தால் முன் சக்கரங்கள் ஏற்கனவே பாரம் குறைந்து நிற்கும் என்பதால், டிராக்டரின் முகம் இறக்கத்தை நோக்கி இருக்கட்டும். மிகக் குறைந்த கியரில், சங்கிலி மெல்ல விறைத்த பிறகே விசையைக் கூட்டுங்கள். உதறி இழுக்க வேண்டாம். சங்கிலியின் நீளத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. நைலான் கயிற்றைத் தொடவே வேண்டாம். அது நீண்டு, அறுந்து, சாட்டையாகத் திரும்பி அடிக்கும்.

எல்லா இடத்திலும் பிடுங்கலாமா என்றால், கூடாது. செங்குத்தான சரிவில் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடுங்கிய குழி மழைநீரைக் குடித்து உள்ளே இறக்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை மறக்க முடியாத நாம், வெடிப்போ நீர்க்கசிவோ தெரியும் நிலத்தில் ஒரு வேரையும் அசைக்கக் கூடாது. அங்கே மட்டும் தரையோடு வெட்டுங்கள், தளிர் வரும்போதெல்லாம் திரும்ப வெட்டுங்கள். தோட்ட நிலமானால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பலாவும் ஈரப்பலாவும் சட்டத்தால் காக்கப்பட்டவை என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள்.

பிடுங்கிய அன்றே குழியை மூடி மிதித்து, கிக்கூயு புல்லின் கணுத்துண்டுகளையோ, குவாத்தமாலா புல்லையோ நட்டுவிடுங்கள். வெறும் மண்ணை ஒரு மழைக்கும் காட்டாதீர்கள். குப்பையை அந்த இடத்திலேயே எரிக்க வேண்டாம். வாட்டில் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும், நெருப்பின் சூடு அதை எழுப்பிவிடும். கோர்ஸ் விதையும் நெடுங்காலம் உயிரோடு கிடக்கக் கூடியது. ஆகவே அடுத்து வரும் மழைக்காலங்களில் நிலத்தைச் சுற்றி நடந்து, இரண்டு விரலால் பிடுங்கக்கூடிய பருவத்திலேயே நாற்றுகளை எடுத்துவிடுங்கள்.

உங்கள் நிலத்தில் எந்தக் கன்று அதிகம், தரைமட்டத்தில் அதன் தண்டு எத்தனை சென்டிமீட்டர் என்பதை அளந்து கீழே எழுதுங்கள். அந்தப் பருமனுக்கு ஏற்ற தாடையின் அகலத்தையும் பின்கையின் விரிவையும் வரைந்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.