கருவேல முள்ளுக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா ஊரடங்குக் காலத்து இளைஞர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். படிப்பு கெட்டது, கைப்பேசியே கதி என்று கிடந்தார்கள், இராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள் என்பதெல்லாம் நீங்களே அறிந்தவை. அவற்றை மறுக்க நான் வரவில்லை. அதே கைப்பேசியில் அதே இராத்திரியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறொன்றும் செய்தார்கள். எது நியாயம் என்று விடாமல் வாதாடினார்கள். பெரியவர்களாகிய நாம் அந்த நேரத்தில் செய்யத் தவறியதை அவர்கள் செய்தார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

நீடாமங்கலம் பக்கத்தில், கோரையாற்றங்கரையில் எங்கள் ஊர். உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை நான். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது சம்பா, தாளடி அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் மணல்தான் கிடந்தது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

144 தடையுத்தரவு இருந்ததால் ஐந்து பேருக்கு மேல் கூட முடியாது. பொழுது சாய்ந்ததும் பையன்கள் நாலைந்து பேர் ஆற்று மணலில் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். நடுவில் ஒரு செங்கல்லின் மேல் கைப்பேசியைச் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் வீட்டு மாடியிலிருந்து பேசுவார்கள். வாட்ஸ்அப்பில் அப்போது நான்கு பேர்தான் சேர்ந்து பேச முடியும். ஏப்ரல் கடைசியில்தான் அதை எட்டாக்கினார்கள். இது சின்ன விவரம்தான். ஆனால் எங்கள் ஊருக்கு அது பெரிய விஷயம். ஆற்று மணலில் சாயங்காலம் உட்காரும் உரிமை எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. காலனித்தெருப் பிள்ளைகளும் ஊர்த்தெருப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் குந்திப் பேசுவதும் கிடையாது. கைப்பேசி அந்த இரண்டு தடையையும் ஒரே நேரத்தில் தாண்டியது. பெரும்பாலும் என்னிடம் படித்த பிள்ளைகள் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நடுவராக இருங்கள் டீச்சர் என்றார்கள். நடுவர் வந்துவிட்டால் எல்லாரும் தீர்ப்புக்குத்தான் காத்திருப்பீர்கள், நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, வெளியூரார் வரக் கூடாது என்று அட்டை தொங்கவிட்டார்கள். அந்த நாட்களில் தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் இதே காட்சிதான். எங்கள் ஊரில் முள் வெட்டியதே இந்தப் பையன்கள்தான். பாலிடெக்னிக் படிக்கும் ஒருவன் அன்று இராத்திரி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்திக்கு வலி கண்டா 108 எப்படிண்ணே உள்ள வரும்?"

மூங்கிலைத் தூக்கிவிடலாம், முறை போட்டு ஆள் நிற்கலாம் என்று பேச்சு போனது. அதற்குள் இன்னொருவன், நம் தெருப் பையன் ஒருத்தன் திருப்பூரில் பனியன் கம்பெனி அறையில் கிடக்கிறானே, அவன் வந்தால் விடுவோமா என்று கேட்டுவிட்டான். இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஊரில் வயசானவர்கள் நிறைய. ஒருத்தனுக்காக அத்தனை பேரை ஆபத்தில் வைக்கலாமா என்றது ஒரு கட்சி. பிறந்த ஊருக்குள் வராதே என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றது மற்றொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆற்றோர மோட்டார் கொட்டகையில் பதினாலு நாள் வைத்திருக்கலாம் என்று ஒருவன் சமரசம் சொன்னான். சோறு யார் கொண்டுபோவது என்று மறுபடி சண்டை.

அந்த நர்சிங் பெண்தான் கேட்டாள்: "இவ்வளவு பேசறோமே, அவன்கிட்ட யாராச்சும் பேசினீங்களா?"

யாரும் பேசியிருக்கவில்லை. உடனே அவனையும் அழைப்பில் சேர்த்தார்கள். அவன் சொன்னது இதுதான்: "நோயப் பத்தி எனக்கு பயமில்லடா. நான் வந்துட்டா எங்க அம்மாவ குழாயடியில தண்ணி பிடிக்க விடமாட்டாங்க. அதுக்குத்தான் கிளம்பாம கிடக்கேன்."

அந்தக் குழாயடியைப் பற்றி இரண்டு கட்சியிலும் ஒருவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. உரிமையா, பாதுகாப்பா என்று ஒரு மணி நேரம் முட்டிக்கொண்டவர்கள், அந்த அம்மாவோடு காலையில் குழாயடியில் யார் நிற்பது என்று பேச ஆரம்பித்தார்கள். மே மாதம் இ-பாஸ் என்ற பயண அனுமதி கிடைத்து அவன் வந்தான். கொட்டகையில் இருந்தான். முறை போட்டுச் சோறு போனது. ஊரார் எல்லாருக்கும் இதில் சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வீடுகள் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பையன் கோபித்துக்கொண்டு அழைப்பில் வருவதையே நிறுத்திவிட்டான்.

ஏப்ரல் 19ஆம் தேதி இரவு சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யக் கூடாது என்று ஒரு கூட்டம் ஆம்புலன்சைத் தாக்கியது. அவரோடு பழகிய மருத்துவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டி வந்தது. ஒரு வாரத்துக்குள், இப்படி அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு மருத்துவர்களுக்காகக் கைதட்டிய அதே ஜனங்கள் ஒரு மாதத்துக்குள் கல்லெறிந்தார்களே என்று பிள்ளைகள் கொதித்துப்போனார்கள். அன்று எல்லாரும் ஒரே கட்சி. வாதமே எழவில்லை.

காலனித்தெருவிலிருந்து வரலாறு படிக்கும் ஒரு பெண் அதுவரை பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அந்த டாக்டரப் புதைக்க விடாதது பாவம்னு எல்லாரும் சொல்றீங்க. சரிதான். எங்க தாத்தா செத்தப்ப உங்க தெரு வழியாப் போகக் கூடாதுன்னு, நடவு வயல்ல முழங்கால் சேத்துல தூக்கிட்டுப் போனாங்க. பாடை ஒருதரம் சரிஞ்சிடுச்சு. அதுக்கு எந்த டிவிக்காரரும் வரல."

ஒருவன், அது வேற விஷயம் என்றான். எப்படி வேற என்று அவள் கேட்டாள். அவனால் சொல்ல முடியவில்லை.

அந்த வாதம் பல இராத்திரி நீண்டது. காலங்காலமாக இருக்கும் வழக்கம் என்றார்கள். வயல்காரர் பட்டா நிலம், அவர் இஷ்டம் என்றார்கள். திருவிழா நேரத்தில் பிணம் தெருவில் போனால் எப்படி என்றார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நான் அந்தப் பொறுமையைப் பாராட்டிச் சொல்லவில்லை. அவ்வளவு பொறுமை அவளிடம் எதிர்பார்க்கப்பட்டதே அநியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. கடைசியில் விஷயத்தைத் திருப்பியவன் ஒரு ஐடிஐ மாணவன். வருவாய்த்துறையின் இணையச் சேவையில், எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் நிலத்தின் அளவைக் காட்டும் புல வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினான். காலனித்தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதைப் புறம்போக்கு, அதாவது பாதைக்கென்றே உள்ள அரசு நிலம், இருப்பது தெரிந்தது. வரைபடத்தில் பாதை இருக்கிறது, மண்ணில் இல்லை. வரப்பைத் தள்ளித் தள்ளி வயலோடு சேர்த்திருந்தார்கள். சேர்த்தவர்களில் ஒருவர் அவனுடைய சொந்தச் சித்தப்பா. அதையும் அவனே அழைப்பில் சொன்னான்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. காவிரி கடலில் கலக்கும் புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்தவன் ஊராருக்குச் சொன்ன அறிவுரை மணிமேகலையில் இருக்கிறது. சமயவாதிகளே, பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்கிறான். அடுத்து, பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்", கோபமும் சண்டையும் செய்யாமல் விலகிப்போங்கள், என்கிறான். கோபித்துக்கொண்டு போன அந்தப் பையனுக்கு நான் இந்த வரியை அனுப்பினேன். அடுத்த வாரம் அவன் திரும்ப வந்து, முன்பிருந்த அதே கட்சியைத்தான் பேசினான். ஆனாலும் வந்தான்.

நடுவராக இருக்கமாட்டேன் என்ற நான் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். ஐம்பது பேருக்கு மேல் கல்யாணத்துக்குக் கூடக் கூடாது என்று விதி இருந்ததால் செலவு குறைவு. வேலை போன தகப்பன்மார்கள் சிலர் இதுதான் சமயம் என்று நினைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாமா, சொந்த ஊர்க் குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பதாகாதா என்று வாதம். முதலில் அவளைக் கேட்போம் என்றார்கள் பிள்ளைகள். திருப்பூர்ப் பையன் விஷயத்தில் கற்றுக்கொண்டது அது. கேட்டார்கள். பிளஸ் டூ எழுத வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் சொன்னேன், அவள் சம்மதித்திருந்தாலும் 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் குற்றம்தான். குழந்தை விஷயத்தில் பெரியவர்கள் பொறுப்பைக் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது, அந்த அழைப்பை நானே செய்கிறேன் என்று. செய்தேன். கல்யாணம் நின்றது. அந்தக் குடும்பம் என் வீட்டுப் பக்கம் இப்போதும் திரும்புவதில்லை. அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

ஒரே கைப்பேசியில் அண்ணன் வகுப்பா தங்கை வகுப்பா என்பது போன்ற கேள்விகளும் நிறைய வந்தன. நேரமில்லை, விட்டுவிடுகிறேன்.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு உரிய தேதியில் திறந்த தண்ணீர் என்பதால் ஊரே குறுவைக்கு இறங்கிவிட்டது. ஆற்றில் உட்கார இடமில்லை. பையன்கள் நடவுக்கும் டிராக்டருக்கும் போனார்கள். அழைப்புகள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. ஆனால் அந்தப் பாதை விஷயத்தை அவர்கள் விடவில்லை. அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் மனு கொடுப்பது என்று முடிவெடுத்து எழுதி வைத்திருந்தார்கள். கொரோனாவைக் காரணம் காட்டி அந்த ஆண்டு கிராம சபையை அரசு ரத்து செய்துவிட்டது. மே மாதமே டாஸ்மாக் திறந்துவிட்டதே, ஊர் கூடிப் பேசுவதற்கு மட்டும் தடையா என்று வரலாறு படிக்கும் அந்தப் பெண் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். இன்றைக்கும் அதற்கு நல்ல பதில் ஒன்றை நான் கேட்டதில்லை.

மறுவருஷம் அக்டோபர் 2 கிராம சபையில் அவளே எழுந்து மனுவைப் படித்தாள். ஐடிஐ பையன் புல வரைபட நகலைத் தலைவரிடம் கொடுத்தான். அவனுடைய சித்தப்பா அதே பந்தலில் உட்கார்ந்திருந்தார். தீர்மானம் புத்தகத்தில் ஏறியது. பிறகு சர்வேயர் வந்து அளந்தார், கல் நட்டார்கள், காலனித்தெருப் பக்கம் மண் அடித்தார்கள். மறுபக்கத்தில் ஒரு வேலி இன்னும் எடுக்கப்படவில்லை.

2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எவரும் எழுந்து பேசலாம். நம் ஊர்களில் அன்றைக்கு முன்வரிசையில் உட்காருவது யார் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்பிள்ளையாக இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் நவம்பர் 1ஆம் தேதி அந்த வேலி விஷயம் மறுபடி வருகிறது. இந்தத் தடவை மனு எழுதுவது கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த அந்தப் பையன்.

வணக்கம்.