கதவைத் தட்டாமல் பாடுகிறவர்கள்

(சனசமூக நிலைய ஆண்டு விழாப் பட்டிமன்றம், யாழ்ப்பாணம். தலைப்பு: ‘யூரியூபில் தொடங்கும் சுயாதீனப் பாடகருக்குக் கிடைத்திருப்பது விடுதலையா? புதிய எசமானா?’ ‘விடுதலையே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும், எதிரே இருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற சேருக்கும், நுளம்பு கடிக்கக் கடிக்க எழும்பாமல் இருக்கிற சபையோருக்கும் வணக்கம்.

சேர் பேசும்போது நன்றாகத்தான் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அவரிடம் படித்தவன், தட்டாமல் இருக்க முடியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: முன்பு பாடகருக்கு வானொலி எசமான், பிறகு சினிமா எசமான், இப்போது கலிபோர்னியாவில் இருக்கிற ஒரு கொம்பனி எசமான். ஆள் மாறினான், கும்பிடு மாறவில்லை. யூரியூப் வாடகை வீடு, வீட்டுக்காரன் எந்த நேரமும் எழும்பச் சொல்லலாம்.

வாடகை வீடு என்பதை நான் மறுக்கப்போவதில்லை, சேர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாடகை வீட்டில் இருந்தே படித்து ஆளானவர்கள் இந்தச் சபையில் எத்தனையோ பேர். வீடு வாடகை என்பதற்காக உள்ளே இருக்கிற தையல் மெசினும் வீட்டுக்காரனுடையது ஆகிவிடுமா? பாட்டை எழுதியது நான், மெட்டுப் போட்டது நான், பாடிய கோப்பு என்னுடைய கணினியில் கிடக்கிறது. எழும்பு என்றால் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். பழைய எசமான்களிடம் இது நடந்ததா? அதைத்தான் சேர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வானொலியைப் பாருங்கள். 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிய அந்த வானொலியை நான் குறைசொல்ல வரவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை முன்வரிசையில் இருக்கிறது, வாயைத் திறந்தால் அடி விழும். ஆனால் அங்கே பாட ஆசைப்பட்டால் என்ன வழி? கொழும்புக்குப் போக வேண்டும், குரல் தேர்வுக்கு நிற்க வேண்டும், தரம் போடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் தலையாட்டினால் நீங்கள் பாடகர். ஆட்டாவிட்டால் இரவு மெயில் ரெயினில் ஊருக்கு.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் கடைசியில் கிற்றாரோடு சொந்தமாக எழுதிப் பாடினார். ‘சின்ன மாமியே’ பாடாத கலியாண வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? சுயாதீனப் பாடகர் என்று இன்றைக்கு நாங்கள் பெரிதாகச் சொல்கிற ஆளுக்கு எங்கள் ஊரில் மூத்தவர் அவர். சரி, இந்தச் சபையில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள், அந்தப் பாட்டு யாருடையது என்று நான் சொல்வதற்கு முன்பே தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் பார்ப்போம்... போதும், இறக்குங்கள். நடுவர் ஐயாவுக்கு எண்ண அதிகம் வேலை இல்லை. பாட்டு ஊர் ஊராகப் போனது, பெயர் வீட்டிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு பிள்ளை பாட்டை ஏற்றினால், யார் எழுதியது, யார் வாசித்தது என்று அவளே கீழே எழுதிவைக்கிறாள். பகிர்கிறவன் கையோடு அந்தப் பெயரும் போகிறது.

இன்னொன்று. 1990களில் இந்தக் குடாநாட்டில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை, பற்றரியும் வரவிடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசற் கேட்ட ஊர் இது. சுற்றுகிற கை களைத்தால் பாடகரின் குரல் இழுபடும், திரும்ப வேகமாகச் சுற்றினால் கீச்சென்று ஏறும். பாட்டுக் கேட்கவே இந்தப் பாடு என்றால், பாடிப் பதிந்து வெளியே அனுப்ப யாரால் முடிந்திருக்கும்? அந்தக் காலத்தில் இங்கே கொப்பியில் எழுதப்பட்ட பாட்டுகளில் எத்தனை ஆனையிறவைத் தாண்டியிருக்கும்? 2005இல் யூரியூப் தொடங்கியபோது அமெரிக்கக்காரனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. எங்களுக்கு அது ஒரு பாதை திறந்தது மாதிரி. குடாநாட்டை வெளியோடு இணைக்கிற ஏ9 வீதி பூட்டியிருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை பாட்டுப் பதிகிறாள். ஸ்ரூடியோ இல்லை, படுக்கை அறைதான். எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் மெத்தையைச் சாத்திவைத்திருக்கிறாள். காத்தாடி சத்தம் பதிந்துவிடும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. சித்திரை வெயில், வேர்த்து ஒழுகுகிறது, போன் மட்டும் புத்தக அடுக்கின் மேல் அசையாமல் நிற்கிறது. மூன்றாவது சரணம் நன்றாக வருகிற நேரம் பார்த்துப் பாண் விற்கிற ஓட்டோ வரும், அதே ரியூனைப் போட்டுக்கொண்டு. பேத்தோவன் எழுதிய மெட்டு. திரும்ப முதலிலிருந்து. (பேத்தோவன் 1827இல் இறந்துவிட்டார், அவரிடமிருந்து உரிமைப் பிரச்சினை வராது என்பது ஒன்றுதான் ஆறுதல்.) பாண்காரன் போக, கோயில் ஒலிபெருக்கி. அது ஓய, பக்கத்து வீட்டு நாய். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு மாதிரி முடித்து ஏற்றிவிடுகிறாள். யாரிடமும் கேட்கவில்லை. இடையில் கண்ணாடி இல்லை, தலையாட்டுகிறவர் இல்லை. நான் விடுதலை என்று சொல்வது இதைத்தான்.

எதிரணித் தங்கை கணக்கோடு வந்தார். விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரரும், ஒரு வருடத்துக்குள் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் சட்டம் போட்டார்கள், இது விடுதலையா என்று கேட்டார். கணக்குச் சரி. நீங்கள் விட்டதையும் நானே சேர்த்துவிடுகிறேன், தங்கச்சி: நீளமான காணொளியின் விளம்பர வருமானத்தில் பாடகருக்கு 55 வீதம், மிச்சம் அவர்களுக்கு. கணக்கில் 100 டொலர் சேராமல் காசு வெளியே வராது. சினிமாப் பாட்டை எடுத்துப் பாடினால் தளமே அதைக் கண்டுபிடித்து, வருமானத்தைப் பாட்டின் உரிமைக்காரருக்கு அனுப்பிவிடும். லட்சம் பேர் பார்த்த காணொளிக்கு ஐந்து சதம் கையில் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால்தான், இரண்டு மூன்று வருடம் சினிமாப் பாட்டுப் பாடி ஆட்களைச் சேர்த்தவர்கள் பிறகு தாங்களே எழுதத் தொடங்குகிறார்கள். காசுக் கணக்கு அவர்களைச் சொந்தப் பாட்டின் பக்கம் தள்ளுகிறது. ஊரில் இதற்கு முன்பு எந்த மேடையாவது ஒரு பாடகரைச் சொந்தப் பாட்டின் பக்கம் தள்ளியதா? திருவிழா இசைநிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது பாட்டு முடிய முதலே கீழேயிருந்து துண்டு வரும், ‘அந்தப் படப் பாட்டுப் பாடுங்கோ’ என்று. ‘நான் எழுதிய ஒன்று பாடுகிறேன்’ என்று பாடகர் சொன்னால் சனம் கச்சான் வாங்கப் போய்விடும். உபயகாரர் முகம் சுளிப்பார். அந்தத் துண்டுக்குக் கட்டுப்பட்டே எத்தனை நல்ல குரல்கள் இன்னொருவர் பாட்டைப் பாடிப் பாடி வயதாகிப் போயின. இவர்களுக்காக அழுவதற்கு எதிரணியில் ஆளில்லை.

வருமானத்திலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. கொக்குவிலில் இருந்து பார்க்கிறவருக்குக் காட்டுகிற விளம்பரமும் ரொறன்ரோவில் இருந்து பார்க்கிறவருக்குக் காட்டுகிற விளம்பரமும் ஒரே விலை இல்லை. கனடாவில் அந்த இடத்துக்கு விளம்பரக்காரர்கள் போட்டிபோட்டுக் கூட்டிக் கேட்கிறார்கள். எங்கள் சனம் ரொறன்ரோ, லண்டன், பரிஸ், சூரிச் என்று சிதறிக் கிடப்பது பெரிய சோகம்தான், அதைப் பகிடியாக்க மாட்டேன். ஆனால் ஒரு யாழ்ப்பாணப் பாடகருக்கு அதே சனம்தான் கேட்கிற கூட்டமாக வாய்த்திருக்கிறது. எந்த நாட்டில், எந்த நகரத்தில் தன் பாட்டைக் கேட்கிறார்கள் என்று பாடகர் தன் போனிலேயே பார்க்கலாம். எங்கே மேடை கேட்கலாம் என்று அவருக்கே தெரிகிறது. முன்பு அது ஏற்பாட்டாளருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அடுத்து ‘எஞ்சாயி எஞ்சாமி’. சேர் அதைத்தான் பெரிய குண்டாக வைத்திருந்தார். 2021இல் வந்த பாட்டு, கோடிக்கணக்கில் பார்த்தார்கள், 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளியே வந்து தங்களுக்கு அதிலிருந்து வருமானம் கிடைக்கவில்லை என்று சொன்னார். உண்மை, சொன்னார். ஆனால் சேர், அந்தப் பாட்டுக்கும் கலைஞர்களுக்கும் நடுவில் வெளியீட்டு நிறுவனம் ஒன்று இருந்தது. இடையில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீங்களே சாட்சி கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டீர்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளை வருடத்துக்கு ஒரு சிறு கட்டணம் கட்டி, பாட்டின் உரிமையை யாருக்கும் எழுதிக்கொடுக்காமல் ஸ்பொட்டிஃபையிலும் மற்ற இடங்களிலும் போட்டுக்கொள்கிறாள். அங்கே 1000 தடவைக்குக் குறைவாக ஓடிய பாட்டுக்கு 2024இலிருந்து காசு இல்லை என்பதும் தெரியும். அது அநியாயம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

‘கடைசியில் எல்லாரும் சினிமாவுக்கும் பெரிய கொம்பனிக்கும்தானே போகிறார்கள்?’ என்றும் ஒரு கேள்வி வந்தது. ஜஸ்டின் பீபர் போனார், ஹிப்ஹாப் தமிழா ஆதி போனார். போகட்டுமே! எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். ஆதி இணையத்தில் பாட்டு ஓடி, கூட்டம் சேர்ந்த பிறகு போனார். வாசலில் காவல் கிடந்து போகிறவருக்கும், கூப்பிட்டுப் போகிறவருக்கும் கதிரை ஒன்றாகவா போடுவார்கள்? ‘மெனிகே மகே ஹிதே’ பாடிய கொழும்புப் பாடகி யொஹானியை எடுங்கள். அது 2020இல் சதீஷன் பாடி வெளிவந்த சிங்களப் பாட்டு, அடுத்த வருடம் மே மாதம் யொஹானியும் அவரும் பாடிய வடிவம் யூரியூபில் ஏறுகிறது. சிங்களத்தில் ஒரு சொல் விளங்காதவர்கள் இந்தியா முழுக்கப் பாடினார்கள். அதற்குப் பிறகுதான் ஹிந்தி சினிமா அந்த மெட்டைத் தேடி வந்தது. கொழும்பில் எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டு அது நடந்தது?

எனக்கு இவர்கள் எல்லாரையும்விடப் பிடித்த ஆள் ஷான் வின்சென்ற் டி போல். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவர். யான்சன் மிருதங்கம் வாசிக்க, இவர் ராப் பாடிச் சின்னச் சின்னக் காணொளிகளாகப் போட்டார்கள். மிருதங்கத்தையும் ராப்பையும் கொண்டு ஏதாவது ஒரு வானொலிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? சங்கீதக்காரர் ‘இது சங்கீதமில்லை’ என்றிருப்பார், ராப்காரர் ‘இது ராப் இல்லை’ என்றிருப்பார். இரண்டு பேரிடமும் கேட்காமல் போட்டதால்தான் அது இருக்கிறது. 2021இல் தன் இசைத்தொகுப்புக்கு ‘மேட் இன் ஜஃப்னா’ என்று பெயர் வைத்தார். விற்பனைக்கு உதவாது, மாற்று என்று சொல்ல மேலே ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெயர் தப்பியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, எதிரணியின் ஒரு வாதத்துக்கு நான் தலை வணங்க வேண்டும். கிழமைக்கு ஒன்று போடாவிட்டால் தளம் மறந்துவிடும், பதினைந்து விநாடிக்குள் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடுவார்கள், பாட்டு அதற்கேற்பக் குறுகிப் போகிறது என்றார்கள். நடக்கிறது. பல்லவிக்கு முன் ஒரு ஆலாபனை வைக்கப் பயப்படுகிற பாடகர்கள் இருக்கிறார்கள். பெண்பிள்ளை பாடினால் கீழே வந்து எழுதுகிற எழுத்தைப் பற்றி இந்த மேடையில் சொல்லவே முடியாது. எழுதுகிறவன் கலிபோர்னியாக்காரன் இல்லை, எங்கள் ஊர்ப் பெடியன்தான். அந்தப் பிள்ளை முன்பு மேடையில் ஏறியிருந்தாலும் இதே வாய்கள்தான் படலையடியில் நின்று கதைத்திருக்கும். அப்போது வீட்டில் பாட்டை நிறுத்தினார்கள். இப்போது அவள் அந்தப் பெடியனைத் தடைசெய்துவிட்டு அடுத்த பாட்டை எழுதுகிறாள்.

தளத்தின் விருப்பத்துக்கு ஆடாமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பாட்டு, ஆறு நிமிடம், பார்வை சில ஆயிரம். அந்தச் சில ஆயிரம் பேர் கூப்பிட்ட இடத்துக்கு வருகிறார்கள், ரிக்கற் வாங்குகிறார்கள். பெரிய வாழ்க்கை இல்லை. பகலில் ரியூசன் கொடுத்துக்கொண்டு, இரவில் பாட்டு எழுதுகிற வாழ்க்கை. ஆனால் என்ன பாடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது அவர்கள்தான்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, அரை நிமிடம். அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும். எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறாள், நாளைக்குப் பின்னேரம் உலகம் கேட்க வேண்டும். யூரியூப் புதிய எசமான், அங்கே போகாதே என்கிறீர்கள். அப்படியானால் அவள் யாரிடம் போக வேண்டும்? பெயரையும் விலாசத்தையும் சொல்லுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். வந்தபின் ‘உபயகாரரைக் கேட்டுச் சொல்கிறோம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வணக்கம்.