ஆகன் மைதானத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியம், நெதர்லாந்து எல்லைகளை ஒட்டியிருக்கும் நகரம் ஆகன். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேசக் குதிரையேற்றப் போட்டியின் வரலாறு 1924-இல் தொடங்குகிறது. பிரதான மைதானத்தில் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். கடைசி நாளில் குதிரைகள் விடைபெற்றுப் போகும்போது அத்தனை பேரும் எழுந்து வெள்ளைக் கைக்குட்டை அசைப்பார்கள். அங்கே பல வகைப் போட்டிகள் உண்டு. இன்று தடை தாண்டும் போட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதன்முதலாகப் பார்ப்பவர்கள் தாவலைத்தான் பார்ப்பார்கள். இயல்புதான். 600 கிலோ எடையுள்ள விலங்கு 1.60 மீட்டர் உயரத் தடையைத் தாண்டும்போது வேறெங்கே கண் போகும்? ஆனால் போட்டியை முடிவு செய்வது தாவல் அல்ல. இரண்டு தடைகளுக்கு நடுவே இருக்கும் தரை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

போட்டிக்கு முன் வீரர்கள் குதிரையில்லாமல் களத்தில் நடந்து பார்ப்பார்கள். ஒருவர் தடைக்கு முதுகு காட்டி நிற்பார். குதிரை தரையிறங்க இரண்டு எட்டு, அடுத்த தடைக்கு முன் அது எழும்ப இரண்டு எட்டு விடுவார். நடுவே இருப்பதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி நடப்பார். மனிதனின் நான்கு எட்டு, தரையில் ஓடும் குதிரையின் ஒரு பாய்ச்சல், சுமார் 3.6 மீட்டர். இரண்டு தடைகளுக்கு நடுவே 21.6 மீட்டர் இருந்தால் ஐந்து பாய்ச்சல் கச்சிதமாகப் பொருந்தும். களம் அமைப்பவர் விவரமானவர். அவர் அதை 23.4 மீட்டராக வைத்துவிடுவார். இப்போது கணக்கு ஐந்தரை! ஐந்து நீளப் பாய்ச்சலா, ஆறு குறுகிய பாய்ச்சலா? வீரர் அங்கேயே முடிவெடுக்க வேண்டும். நீட்டினால் குதிரையின் தாவல் தட்டையாகும், முன்கால் தடையின் கம்பில் தட்டும். சுருக்கினால் வேகம் போகும், நேரம் கடக்கும். கம்பு உட்காரும் கிண்ணமோ ஆழமில்லாதது. குளம்பு லேசாக உரசினாலும் விழுந்துவிடும். விழுந்தால் நான்கு பிழைப் புள்ளிகள். ஒரே கம்பில் வருட உழைப்பு போய்விடும்.

சில சமயம் இந்தக் கணக்கைக் குதிரையே போட்டுக்கொள்ளும். 1955-இல் இதே ஆகனில் உலகப் பட்டம் வென்றவர் ஹான்ஸ் குன்டர் விங்க்லர். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் குதிரைப் போட்டிகள். முதல் சுற்றிலேயே அவருடைய தொடை இடுக்குத் தசை கிழிந்தது. இரண்டாம் சுற்றில் வலியோடு சேணத்தில் உட்கார்ந்திருப்பதே பெரும்பாடு. அவரால் குதிரையைச் சரியாக வழிநடத்த முடியவில்லை. ஹல்லா என்ற அந்தப் பெண்குதிரை ஒரு கம்பையும் தட்டாமல் சுற்றை முடித்தது. தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டும் கிடைத்தன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இதே விளையாட்டில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் உண்டு. 2008 ஒலிம்பிக்கில் நான்கு குதிரைகளின் உடலில் கேப்சைசின், அதாவது மிளகாயின் காரப்பொருள், இருப்பது சோதனையில் தெரிந்தது. காலில் அதைத் தடவினால் தோல் எரியும். கம்பு பட்டால் வலி பொறுக்காது. குதிரை காலை உயரத் தூக்கும். அதனால்தான் அது தடை செய்யப்பட்ட பொருள். நார்வே அணி வெண்கலத்தை இழந்தது. இழந்தது நியாயமே. பாய்ச்சலைக் கணக்கிடத் தெரிந்தவருக்கு இந்தக் காரம் எதற்கு?

அப்புறம் ஸ்காட் பிராஷைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2014 இறுதியில் ஜெனீவா, 2015-இல் ஆகன், பிறகு கனடாவின் கால்கரி என்று மூன்று பெரிய பரிசுகளையும் வரிசையாக வென்ற ஸ்காட்லாந்துக்காரர். மூன்றிலும் ஒரே குதிரை, ஹலோ சான்க்டோஸ். அந்தச் சுற்றுகளின் காணொளி கிடைத்தால் பாருங்கள். குதிரை காற்றில் இருக்கும்போது வேண்டாம். தரையிறங்கிய பிறகு பிராஷின் கைகளைப் பாருங்கள். அடுத்த தடைக்கு எத்தனை பாய்ச்சல் என்பதை அவர் அங்கேதான் தீர்மானிக்கிறார்.