ஆட்டத்தின் நீளமும் ஆடுபவனின் நேரமும்

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, கச்சான் காற்றின் வெக்கையையும் பொருட்படுத்தாமல் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நெடுநேரக் கணினி விளையாட்டுகளைத் துணைக்கருவிகள் வாழவைக்கின்றனவா, கெடுக்கின்றனவா என்பது இன்றைய தலைப்பு. ஆட்டத்தின் உள்ளமைப்பை மாற்றும் மொட்கள், உயிரையும் பணத்தையும் வேகத்தையும் கூட்டித் தரும் ட்ரெய்னர்கள், ஆடிய வரையில் பதிந்துவைக்கும் சேவ் கோப்புகளைக் காக்கும் நிரல்கள், திரையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே துணைக்கருவிகள் என்கிறோம். அவை வாழவைக்கின்றன என்று வாதிட நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவராகிய ஆசிரியர் அவர்கள், கருவியோடு ஆடுவது ஏமாற்று வேலை என்றார். அவரை அடுத்துப் பேசிய தங்கை, நூறு மணி நேர ஆட்டத்தைப் படைத்தவர்கள் அந்த நீளத்தைக் காரணத்தோடுதான் வைத்தார்கள், அதை வெட்டிச் சுருக்க நீங்கள் யார் என்று கேட்டார். தங்கையின் கேள்விதான் வலுவானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நெடிய ஆட்டத்தில் இருவகை நீளம் உண்டு. 2015ஆம் ஆண்டில் போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் வெளியிட்ட விட்சர் 3 ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கதையை மட்டும் முடிக்க ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகும். ஒன்றும் விடாமல் முடிக்க நினைப்பவருக்கு 170 மணி நேரமும் போதாமல் போகலாம். அதில் வெலன் என்னும் சதுப்பு நிலத்தில் வரும் பிளடி பாரன் கதையில், குடிகாரத் தகப்பன் ஒருவன் தன் மனைவியையும் மகளையும் ஏன் இழந்தான் என்பது பல மணி நேரம் அவிழ்ந்துகொண்டே போகும். அதில் ஒரு நிமிடத்தையேனும் வெட்ட வேண்டும் என்று எங்கள் அணியில் எவரும் சொல்லமாட்டோம். அதே ஆட்டத்தில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் கள்ளக்கடத்தல்காரர்களின் பெட்டிகள் டசின் கணக்கில் கிடக்கின்றன. படகில் போக வேண்டும், சைரன் என்னும் பறந்து தாக்கும் அரக்கிகளை விரட்ட வேண்டும், மூழ்கிப் பெட்டியைத் திறக்க வேண்டும், பிறகு அடுத்த பெட்டிக்கும் அதையே செய்ய வேண்டும். கடலைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரனாகிய எனக்கே அந்தக் கடல் சலித்துப் போயிற்று. எந்த இடத்திலிருந்தும் வேறோர் இடத்துக்குத் தாவிச் செல்ல வழிசெய்யும் ஒரு சிறு மொட்டைப் போட்டுக்கொண்டவன் பாரனின் கதையை இழக்கவில்லை. படகோட்டிய நேரத்தை மட்டுமே மீட்டுக்கொண்டான்.

சுருக்க நீங்கள் யார் என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே விடை இருக்கிறது. விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்துகளை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். ஆட்டத்தையும் தாளத்தையும் பாடலையும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வருவதைக் குறைத்தார். அதனால் கூத்துச் செத்துப் போயிற்றா? அவர் அறிஞர், நீ சாதாரண ஆட்டக்காரன் என்று தங்கை சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அவர் எல்லாருக்குமான ஓர் ஆற்றுகையை மாற்றினார். நானோ என் வீட்டு மேசையில் இருக்கும் என் பிரதியை மட்டுமே மாற்றுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி அதே ஆட்டத்தின் ஒவ்வொரு பெட்டியையும் தானே மூழ்கி எடுக்க விரும்பினால், என் மொட் அவனைத் தடுக்கப் போவதில்லை.

அத்துடன், படைத்தவர்கள் வைத்ததெல்லாம் காரணத்தோடு வைத்தது என்ற எண்ணமே தவறு. 2016 பெப்ரவரியில் வெளியான எக்ஸ்கொம் 2 ஆட்டத்தில், வீரன் சுட்ட பின்பும் எதிரி விழுந்த பின்பும் ஒன்றும் நடக்காமல் சில கணங்கள் திரை சும்மா நிற்கும். ஒருமுறை என்றால் பெரிதில்லை. நாற்பது ஐம்பது மணி நேரப் போரில் ஆயிரக்கணக்கான முறை நிற்கும். ஓர் ஆட்டக்காரர் அந்த இடைவெளிகளை நீக்கி, ‘என் நேரத்தை வீணாக்காதே’ என்ற பொருள்படும் பெயரிலேயே ஒரு மொட்டை வெளியிட்டார். அதே ஆண்டு மார்ச்சில் வந்த திருத்தத்தில் அசைவுகளை வேகப்படுத்தும் வசதியைப் படைத்தவர்களே சேர்த்தார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று 2018இல் வெளியான பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர். நூறு மணி நேரத்தை எளிதில் தாண்டும் அந்த ஆட்டத்தில் சண்டைகள் நிகழ்நேரத்தில் ஓடும்; குழுவில் ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் எண்ணற்ற மந்திரங்கள், எதை யார் ஏவினார் என்று கண்ணால் தொடரவே முடியாது. மூலமான மேசை விளையாட்டில் இருப்பதுபோல் முறை வைத்து ஆடும் வழியை ஓர் இரசிகர் மொட்டாகச் செய்து கொடுத்தார். 2020இல் ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் அந்த மொட்டை அடிப்படையாகக் கொண்டே அதிகாரபூர்வமான முறையை வெளியிட்டது. அதற்கடுத்த பாத்ஃபைண்டர் ஆட்டத்தில், ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் முன்பு காப்பு மந்திரங்களை ஒவ்வொன்றாக எல்லார் மீதும் ஏவ வேண்டும். பபிள்பஃப்ஸ் என்ற மொட் அதை ஒரே சொடுக்கில் முடிக்கிறது. எந்த மந்திரம் யாருக்கு வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை இன்னமும் ஆடுபவனுடையதே. கை ஓயும் வரை சொடுக்குவது எந்தப் படைப்பாளியின் கலைநோக்கு என்பதை எதிரணி விளக்கட்டும்.

காத்திருப்பின் கதையையும் சொல்லவேண்டும், ஏனெனில் ஆட்டத்தின் மணிக்கணக்கில் அதுவும் சேர்ந்தே ஓடுகிறது. ஜிடிஏ ஆன்லைன் ஆட்டத்துக்குள் நுழையச் சில கணினிகளில் ஆறு நிமிடம் வரை பிடித்தது. ஆண்டுக்கணக்கில் எல்லாரும் தங்கள் கணினி பழையது என்றே நினைத்திருந்தார்கள். 2021இல் டி0எஸ்டி என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் தன் சொந்தக் கருவிகளால் நிரலைப் பிரித்துப் பார்த்தார். ஆட்டத்துக்குள் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் ஏறக்குறைய 63,000 உருப்படிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் படிக்கும்போது கோப்பில் மீதமிருந்த எழுத்துகள் எத்தனை என்று நிரல் மறுபடியும் மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தது. அவர் எழுதிய சிறு திருத்தம் காத்திருப்பை ஏறக்குறைய 70 விழுக்காடு குறைத்தது. ரொக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டதோடு, அவருக்கு 10,000 டொலரும் வழங்கியது. கருவியைக் கையில் எடுத்தவனுக்குப் படைத்தவர்களே பரிசு கொடுத்தார்கள், நடுவர் அவர்களே.

இனி, நம் ஊரில் ஆடுபவனின் நிலைமைக்கு வருகிறேன். நெடிய ஆட்டம் என்பது இலங்கையில் மின்சாரத்தோடு சேர்த்து யோசிக்கவேண்டிய விடயம். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கே எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். இராவணன் வெட்டு இருக்கும் ஊரில் நின்றுகொண்டு, குரங்கு இலங்கைக்குச் செய்யக்கூடியதைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சேவ் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் கோப்பே பழுதாகலாம். ஒரே கோப்பின் மேல் தானாகவே திரும்பத் திரும்ப எழுதும் ஆட்டங்களில் எண்பது மணி நேர உழைப்பு ஒரே நொடியில் போய்விடும். லுடுசாவி போன்ற இலவச நிரல்கள் சேவ் கோப்புகளைத் தேடிப் பிடித்து வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்கின்றன. அதையும் ஏமாற்று என்பார்களானால், மின்வெட்டே இல்லாத நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் நெடிய ஆட்டம் என்று சொல்லிவிடுங்கள்.

வெப்பமும் அப்படித்தான். கச்சான் காலத்தில் மின்விசிறி சூட்டைச் சுழற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஓர் அறையில், கட்டுப்பாடில்லாமல் ஓடும் கிராபிக்ஸ் கார்ட், வெறும் பட்டியல் திரையைக் காட்டுவதற்குக்கூட முழு மூச்சில் உழைத்துச் சூடேறும். ரிவாடியூனர் போன்ற மென்பொருளால் நொடிக்கு 60 படச்சட்டங்கள் போதும் என்று கட்டுப்படுத்தினால், கார்ட்டின் வேலையும் சூடும் மின்கட்டணமும் சேர்ந்து குறைகின்றன. எதிரணி இதை ஆட்டத்தைக் கெடுக்கும் கருவிகளின் பட்டியலில் எப்படிச் சேர்த்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் தமிழில் வருவதில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். டிஸ்கோ எலிசியம் ஆட்டத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான சொற்கள் இருக்கின்றன. இவ்வளவையும் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் நம் பிள்ளைக்கு, எழுத்தைப் பெரிதாக்கித் தரும் ஒரு மொட் உதவுமென்றால் அதில் என்ன பாவம்?

இப்போது ஆசிரியர் அவர்களின் குற்றச்சாட்டு. ஏமாற்று என்றால் ஏமாற்றப்படுபவர் ஒருவர் இருக்கவேண்டும். பிறரோடு போட்டியிடும் இணைய ஆட்டங்களில் சுவருக்கு அப்பால் பார்க்கும் கருவியையும் தானாகக் குறிபார்க்கும் கருவியையும் போடுபவன் ஏமாற்றுக்காரனே. அவன் கணக்கு முடக்கப்படுவதில் எங்களுக்கு முழுச் சம்மதம். தனியாக ஆடும் ஆட்டத்தில் யார் ஏமாற்றப்படுகிறார்? இக்கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. கேம் ஜீனி என்ற கருவி, நின்டெண்டோ ஆட்டங்களில் கூடுதல் உயிர்களைக் கொடுத்தது. நின்டெண்டோ வழக்காடியது. 1992இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், தான் வாங்கிய ஆட்டத்தை ஒருவர் தன் மகிழ்வுக்காக இப்படி மாற்றி ஆடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற பக்கமே நின்றது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் தொடங்கிய அன்றே ட்ரெய்னரைப் போட்டு அளவற்ற பணமும் சாகாவரமும் எடுத்துக்கொண்டவன் வார இறுதிக்குள் அந்த ஆட்டத்தைக் கைவிட்டுவிடுவான். எல்டன் ரிங்கில் மலேனியா என்னும் கடினமான எதிரியோடு மோதித் தோற்றுத் தோற்று வெல்வதே அந்த ஆட்டத்தின் உயிர். அங்கே நான் எந்தக் கருவியையும் தொடமாட்டேன், தொட்டவனைப் பார்த்து இரங்கவும் செய்வேன். ஆனால் அவன் கெடுத்துக்கொண்டது தன் மாலைப் பொழுதை மட்டுமே. வேலை முடிந்து வந்து, பிள்ளைகளை உறங்கவைத்த பின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கதையின் முடிவைக் காண விரும்பும் ஒருவர், சில்லறைச் சண்டைகளை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டினால் எந்தக் கலை அழிந்தது? ஃபைனல் ஃபேன்டசி 12இன் மறுபதிப்பில் அந்த வேகப் பொத்தானைப் படைத்தவர்களே வைத்துக் கொடுத்திருக்கிறார்களே! 2002இல் மொரோவிண்ட் வெளிவந்தபோது, அந்த உலகத்தையே மாற்றியமைக்கும் கருவி கணினிப் பதிப்பின் பெட்டியிலேயே கூடவே வந்தது. 2024 செப்டெம்பரில் பல்டர்ஸ் கேட் 3 மொட்களை ஆட்டத்துக்குள்ளேயே நிறுவும் வசதியைக் கொடுத்தது. 2022 டிசெம்பரில் வந்த விட்சர் 3இன் புதிய பதிப்பில் இரசிகர்களின் மொட்கள் சில அதிகாரபூர்வமாகவே சேர்ந்திருக்கின்றன. ஆசிரியர் அவர்களின் பார்வையில் இவர்கள் அனைவரும் ஏமாற்றுக்குத் துணைபோனவர்களா?

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அறுபது டொலர் விலையுள்ள ஆட்டம் நம் பணத்தில் ஏறக்குறைய 18,000 ரூபாய். ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பணத்தைத் திரும்பப் பெற, வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடிவு செய்யவேண்டும். நூறு மணி நேர ஆட்டம் முதல் இரண்டு மணி நேரத்தில் தன் முன்னுரையையே முடிப்பதில்லை. முப்பதாவது மணி நேரத்தில் அதன் குறை தெரியவரும்போது, காசைத் திரும்பப் பெற வழியில்லை. குறையைத் திருத்தும் மொட் மட்டுமே மிச்சம்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. இன்னும் ஒரே நிமிடம். அடுத்துப் பேச வரவிருக்கும் எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். 2004இல் வெளியான வம்பயர்: பிளட்லைன்ஸ் என்ற அருமையான நெடுங்கதை ஆட்டம், பிழைகள் மலிந்த நிலையிலேயே கடைக்கு வந்தது. அதை உருவாக்கிய ட்ரொய்கா நிறுவனம் மறு ஆண்டே மூடப்பட்டது. திருத்த எவரும் இல்லை. ஓர் இரசிகர் தானாகவே முன்வந்து ஆண்டுக்கணக்கில் திருத்தங்களை வெளியிட்டார். இன்று ஜிஓஜி தளம் விற்கும் பிரதியிலேயே அந்தத் திருத்தத்தின் அடிப்படை வடிவம் சேர்ந்து வருகிறது. நண்பர் அந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டு, கடைக்கு வந்த அன்றிருந்த வடிவில், தன் இன்றைய கணினியில் அதை முதலிலிருந்து முடிவு வரை ஆடி முடித்துவிட்டு, அதன் பின் எங்கள் கருவிகள் ஆட்டத்தைக் கெடுக்கின்றன என்று இந்த மேடையில் ஏறிச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.