பூசணிப் பிஞ்சு விழுகிறதா? மருந்துக்கு முன்னால் கத்தியை எடுங்கள்

ஒத்தக்கடையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் பூசணிக் கொடி போட்டிருக்கிறேன். ஆரஞ்சு கலர் வண்டு இலையைச் சல்லடையாக்குகிறது. பிஞ்சும் எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி விழுகிறது. தினமும் காலையில் வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை. வீரியமான மருந்து ஏதாவது சொல்லுங்கள்."

அக்கா, வண்டு ஒரு சங்கதி, பிஞ்சு விழுவது வேறு சங்கதி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து கேட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

வண்டைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அது பூசணி வண்டு. வெயில் ஏறிவிட்டால் கை வைக்கும் முன் பறந்துவிடும். விடியற்காலையில் மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர் உள்ள மக்கை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் உள்ளே விழும். விதையிலை விட்ட சின்னச் செடிதான் இதனால் சாகும். அதற்குப் பனி ஈரத்தோடு விறகடுப்புச் சாம்பல் தூவுங்கள். உங்கள் கொடி ஓடிக் காய்க்க ஆரம்பித்துவிட்டது, நாலு இலை போனால் போகட்டும். வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும் என்பதால், தூரைச் சுற்றி மேலாகக் கொத்திவிடுங்கள்.

சரி, பிஞ்சுக்கு வருவோம். விழுந்ததில் மூன்று நான்கை எடுத்துக் கத்தியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். உள்ளே புழுவே இல்லாமல் சுத்தமாக இருந்தால் அது பூச்சி வேலை இல்லை, மகரந்தம் சேரவில்லை. பெண் பூவுக்கு அடியில் பிறக்கும்போதே குட்டிப் பூசணி இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது சில நாளில் மஞ்சளாகிவிடும். விடியும்போது விரிகிற பூ 10, 11 மணிக்கெல்லாம் சுருண்டுவிடும். தேனீ வருகிற அந்த நேரத்தில் நீங்கள் வேப்பெண்ணெய் அடிக்கிறீர்கள்! அதைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். வாரம் ஒரு முறை போதும். லிட்டருக்கு 5 மில்லி, முதலில் சோப்புக் கரைசலில் கலக்கிவிட்டு அப்புறம் தண்ணீர். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், அடித்த இடத்தில் இலை கருகும். காலையில் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

அறுத்தால் உள்ளே சொதசொதவென்று, வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. வெளித்தோலைப் பாருங்கள், குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளியும் அதில் காய்ந்த பிசினும் இருக்கும். ஈ அங்கேதான் குத்தி முட்டை வைத்திருக்கிறது. புழுவை வெயிலில் போட்டால் வில்லாக வளைந்து எகிறும். அது தோலுக்கு உள்ளே இருப்பதால் மேலே எதை அடித்தாலும் போய்ச் சேராது. விழுந்த காயைக் குப்பைக்குழியில் போட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு வாரம் மொட்டை மாடியில் வையுங்கள். மதுரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காய் பிடித்து பூ வாடியதும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நான் முதல் தடவை புத்திசாலித்தனமாகப் பூ விரியும் முன்பே கட்டிவிட்டேன். ஈயும் வரவில்லை, தேனீயும் வரவில்லை, ஒரு காய்கூடத் தங்கவில்லை.

ஈயை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் மாட்டலாம். ஆனால் கடையில் 'க்யூ லூர்' என்று கேட்டு வாங்குங்கள். அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்புகளுக்கு வாங்குவது மெத்தில் யூஜினால். அது மாம்பழ ஈக்கு. பூசணி ஈ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. க்யூ லூரிலும் ஆண் ஈ மட்டும்தான் விழும், அதனால் பை கட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, ரோஜாவுக்கு வாங்கிய கந்தகத் தூள் மிச்சம் இருக்கிறதே என்று பூசணியில் தூவிவிடாதீர்கள், கொடி கருகிவிடும். பக்கத்து வீட்டில் பாகலோ பீர்க்கோ படர்ந்திருந்தால் அவர்களையும் ஒரு பொறி மாட்டச் சொல்லுங்கள். இதே ஈதான் அங்கேயும் முட்டை வைக்கிறது.