பக்கத்தைத் திறந்து பேசுவோம்

அவையோருக்கு வணக்கம்.

நாவலைத் தனியாகத்தான் வாசிக்கிறோம். பிறகு எதற்காகப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும்? நான் அறிந்தவரை இதற்கு மிகத் தெளிவான பதில் ஓர் இலக்கண நூலில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஊன்றிக் கேட்டாலும் மாணவனுக்குச் சேர்வது காற்பங்கு. உடன் பயில்கிறவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப்பங்கும் வந்து சேரும். வாசகர் வட்டம் கூடும் ஒரு மாலையில் இந்தப் பின்னிரண்டும் ஒன்றாக நடக்கின்றன. புலமையில் முக்கால் பங்கு அங்கேதான் கிடைக்கிறது என்றால், அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதைப் பொறுப்போடு யோசிக்க வேண்டும்.

முதலில் ஆயத்தம். 300 பக்க நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாக வாசிப்பவர் மணிக்கு 30 பக்கம் போவார் என்று வைத்தால் பத்து மணி நேரம். நான்கு வாரம் கொடுத்தால் நாளொன்றுக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல். வேலைக்குப் போகிறவர்களால் முடிகிற அளவு இது. இதே வேகத்தில் 700 பக்க நாவலை நான்கு வாரத்துக்குத் தந்தால் நாளுக்கு 50 நிமிடம் வேண்டும். பாதிப் பேர் கடைசி வாரம் ஓட்டமாக ஓடி முடிப்பார்கள். ஓடி வாசித்தவர்களுக்குக் கதை மட்டும்தான் மிஞ்சும். அத்தகைய நாவலை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள். பிரிக்கும் இடத்தை நாவலின் பாகங்களை வைத்துத் தீர்மானியுங்கள், பக்கக் கணக்கை வைத்து அல்ல.

ஆள் எண்ணிக்கை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கலாம். ஐந்துக்குக் கீழே போனால் இருவர் மட்டுமே பேசும் உரையாடலாகிவிடும். பதினைந்தைத் தாண்டினால் பாதிப் பேர் கேட்பவர்களாகத் தங்கிவிடுவார்கள்.

இடத்தைச் சுட்டுவது எப்படி என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். ஒருவர் கையில் பழைய பதிப்பு, இன்னொருவர் கையில் மறுபதிப்பு, மூன்றாமவர் மின்நூல். எழுத்தின் அளவை மாற்றினால் மின்நூலில் பக்க எண்ணும் மாறிவிடும். எனவே அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் மூன்று சொற்களையும் குறித்துக்கொண்டு வருவதே நல்லது. சிறிய ஏற்பாடுதான். இது இல்லாத கூட்டத்தில், “அந்த ஆற்றங்கரைக் காட்சி எங்கே இருக்கிறது?” என்று பத்துப் பேர் தாள் புரட்டுவார்கள், சொல்ல வந்தவருக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

இன்னொன்று கட்டாயம்: யாரும் பேசத் தொடங்கும் முன் எல்லோரும் தங்கள் கருத்தை மூன்று வரியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் முதலில் வாய் திறந்து “இது தோல்வியடைந்த நாவல்” என்று சொல்லிவிட்டால், அதை ரசித்து வாசித்திருந்த நான்கு பேர் தங்கள் ரசனையை மெல்ல மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். எழுதிவைத்த வரி அவர்களைக் காப்பாற்றும். முதல் சுற்றில் அந்த மூன்று வரியை வாசித்து, அது நாவலின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று காட்ட ஆளுக்கு நான்கு நிமிடம். பத்துப் பேர் என்றால் 40 நிமிடம். குறுக்கே யாரும் பேசக் கூடாது. மறுப்பெல்லாம் இரண்டாம் சுற்றில்.

இந்த முதல் சுற்றில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கவிழ்கின்றன. காரணம், கதைச் சுருக்கம். எல்லோரும் வாசித்துவிட்டு வந்திருக்கும் கதையை ஒருவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். கெட்ட எண்ணத்தால் இல்லை. கருத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாததால் கதையில் தொடங்குகிறார். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றி ஆற்றிய உரைகளில் காட்டிய வேறுபாடு இங்கே கைகொடுக்கும். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். முன்னதில் “பிறகு என்ன?” என்று கேட்போம், பின்னதில் “ஏன்?” என்று கேட்போம். கதைச் சுருக்கத்தில் இறங்கியவரை நெறியாளர் மடக்க வேண்டியதில்லை. “அவள் ஏன் அப்போது திரும்பிப் போனாள் என்று நினைக்கிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், அவரே கருத்துக்கு வந்துவிடுவார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கருத்து என்பது தீர்ப்போடு முடிவதில்லை. “பிடித்தது”, “ஒட்டவில்லை”, “இழுவை” என்பவை எல்லாம் நமக்குள் நடந்ததைச் சொல்கின்றன. அதை நடத்திய வரி புத்தகத்தில் இருக்கிறது. அந்த வரிக்குப் போக வேண்டும். காட்டுவதற்காக மூன்று வாக்கியங்களை நானே அமைத்து எழுதி வந்திருக்கிறேன்:

“கடிதம் வந்தது. அவள் அதை விளக்கின் அடியில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். எட்டாவது துணியை மடித்து முடித்ததும், முதலில் மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள்.”

ஒருவர் சொல்வார்: “இவளுக்குக் கடிதம் எழுதியவன்மேல் அக்கறை இல்லை, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.” நியாயமான வாசிப்புதான். வைத்துவிட்டுப் போனாள் என்றுதானே இருக்கிறது. இன்னொருவர் மூன்றாவது வாக்கியத்தைக் காட்டுவார்: மடித்த துணியை உதறி மறுபடி மடிக்கிறாள், கைதான் வேலை செய்கிறது, மனம் விளக்கின் அடியில் இருக்கிறது. இப்போது முதலாமவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், அல்லது “அக்கறை இல்லை” என்பதை “பிரிக்கப் பயப்படுகிறாள்” என்று திருத்திக்கொள்ளலாம். மூன்றாமவர் இன்னும் நெருங்கிப் பார்த்துக் கேட்பார்: எட்டு என்று எண்ணுவது யார்? அவளா, கதைசொல்லியா? அவளே எண்ணுகிறாள் என்றால், எத்தனை துணி முடிந்ததும் கடிதத்தைப் பிரிப்பது என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. மூன்றே வாக்கியம்; மூன்று பேர்; கருத்து எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது பாருங்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. வரி நடுவில் இருந்ததால் ஆளுக்கு ஆள் மோதவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு இப்படி மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஓர் இடத்துக்கு 20 நிமிடம், ஆக ஒரு மணி நேரம். முதல் சுற்றில் ஒன்றுக்கொன்று முரணான கருத்துகள் எந்த இடங்களைச் சுட்டினவோ அந்த இடங்களை நெறியாளர் எடுக்க வேண்டும். பேசும் முன் அந்தப் பத்தியை ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். தமிழ் நாவலில் செவிக்கு மட்டும் சிக்கும் விஷயங்கள் பல உண்டு.

அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, “என்று” என்னும் சொல். “அவன் வந்து சொன்னால் இவள் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்று நினைத்தாள்” என்றால் அது யாருடைய எண்ணம் என்பதில் ஐயமில்லை. “என்று நினைத்தாள்” இல்லாமல், “அவன் வந்து சொன்னால் இவள் கேட்டுக்கொள்ள வேண்டுமா?” என்று மட்டும் எழுதியிருந்தால், அது பாத்திரத்தின் குரலா, கதைசொல்லியின் குரலா, இரண்டும் கலந்ததா? நாவலாசிரியர் பெண்களை இழிவாகப் பேசுகிறார், சாதியைத் தாங்கிப் பிடிக்கிறார் என்ற குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் முதலில் இதைப் பாருங்கள். அந்த வாக்கியம் யாருடைய வாயிலிருந்து வருகிறது? பாத்திரத்தின் வாயிலிருந்து என்றால் நாவல் அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? இவ்வளவும் பார்த்த பிறகும் குற்றச்சாட்டு நிற்கலாம். அப்போது அதற்கு எலும்பு இருக்கும்.

மற்றொன்று, “நீ”யும் “நீங்க”ளும். இருநூறு பக்கம் “நீங்கள்” என்று பேசிவந்த பாத்திரம் ஒரு காட்சியில் “நீ” என்று சொன்னால், அங்கே ஏதோ உடைந்திருக்கிறது அல்லது ஏதோ கூடியிருக்கிறது. மௌன வாசிப்பில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். மொழிபெயர்ப்பு நாவலில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ரஷ்ய மொழியில் “நீ”க்கும் “நீங்க”ளுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ரஷ்ய நாவல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்திருந்தால், நம் பக்கத்தில் இருக்கும் “நீ” பல இடங்களில் மொழிபெயர்ப்பாளர் ஊகித்துப் போட்டது. ஆகவே “இவன் இவ்வளவு மரியாதையில்லாமல் பேசுகிறானே” என்று பாத்திரத்தைக் குறை சொல்லும் முன், அந்தத் தமிழாக்கம் எந்த மொழியிலிருந்து செய்யப்பட்டது என்று உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

நாவல் முதலில் வெளிவந்த விதத்தையும் இப்படிக் கவனிக்க வேண்டும். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்த தொடர். அத்தியாயத்தின் முடிவில் திடுக்கென்று நிறுத்துவதும், முன்பு சொன்னதை மறுபடி நினைவூட்டுவதும் ஒரு வாரம் காத்திருந்த வாசகனுக்காகச் செய்யப்பட்டவை. ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கிறவருக்கு அது கூறியது கூறலாகத் தெரியும். இரண்டு அனுபவமும் உண்மை. கூட்டத்தில் இரண்டையும் சொல்லிப் பிரித்துக் காட்ட வேண்டும்.

“நம்பும்படி இல்லை” என்பது நாவலைப் பற்றி அடிக்கடி வரும் குறை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நம்ப முடியாத செயலிலிருந்து பின்னோக்கி நடங்கள். அதற்கு விதை போட்ட இடம் முன்பு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு மூன்று இடம் கிடைத்தால் நாம் தவறவிட்டிருக்கிறோம். ஒன்றும் கிடைக்காவிட்டால் குறை நாவலுடையது. “நான் அவள் நிலையில் இருந்தால் அப்படிச் செய்ய மாட்டேன்” என்பது இந்தச் சோதனையில் சேராது.

குறைகளை மட்டுமே எடுத்து வருகிறவர்களும் ஒவ்வொரு வட்டத்திலும் உண்டு. நன்னூல் கடைமாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று நெய்யரி, அதாவது நெய் வடிகட்டி. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அவர்களை ஒதுக்க வேண்டாம். “இதே ஆசிரியர் இதைச் சரியாகச் செய்த இடம் இந்த நாவலிலேயே எது?” என்று கேளுங்கள். அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் காட்டுகிறவரின் குறைகூறலுக்கு அதன்பின் தனி மதிப்பு வந்துவிடும்.

முடிக்காமல் வருகிறவர்களை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். வரட்டும். எந்த அத்தியாயத்தில் நிறுத்தினார்கள், ஏன் என்று முதல் சுற்றிலேயே சொல்லட்டும். மூன்று பேர் ஒரே அத்தியாயத்தில் நின்றிருந்தால் அது நாவலைப் பற்றிய தகவல். அந்த இடத்தில் காலம் குதிக்கிறதா, புதுப் பாத்திரங்கள் கூட்டமாக நுழைகிறார்களா என்று திறந்து பார்க்கலாம். ஆனால் அவர்களுக்காக முடிவைப் பேசாமல் விடக் கூடாது. நாவலின் முடிவைப் பேசாத கூட்டம் பாதிக் கூட்டம்.

எதை வாசிப்பது என்ற கேள்விக்கு ஒரு யோசனை. ஜோடியாக வாசியுங்கள். ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் 1966இல் வெளிவந்த சிறுகதை. கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்களிடையே பெரிய விவாதம் எழுந்தது. தாய் அப்படி ஏற்றுக்கொள்ளாமல் போயிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்பதிலிருந்து விரிந்த நாவல்தான் 1970இல் நூலாக வந்து, 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற சில நேரங்களில் சில மனிதர்கள். ஒரு மாதம் கதை, மறுமாதம் நாவல் என்று வைத்தால், தாயின் ஒரே ஒரு முடிவு மாறும்போது ஒரு முழு வாழ்க்கை எப்படிப் பிரிந்து போகிறது என்பதை உறுப்பினர்கள் தாங்களே அளந்து பார்க்கலாம்.

கடைசியாகக் குறிப்பேடு. கருத்தெழுத ஐந்து நிமிடம், முதல் சுற்றுக்கு 40, இரண்டாம் சுற்றுக்கு 60 போக இரண்டு மணி நேரத்தில் 15 நிமிடம் மிச்சம் இருக்கும். அதில் எல்லோரும் தாங்கள் தொடக்கத்தில் எழுதிய மூன்று வரியை மறுபடி எடுத்துப் பார்க்கட்டும். மாற்றத் தோன்றினால், பழையதை அடிக்காமல், அதன் கீழே புதியதை எழுதட்டும். மாற்றிய இடத்தின் அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் மூன்று சொற்களையும் பக்கத்தில் குறிக்கட்டும். அந்தத் தாள்களை அப்படியே குறிப்பேட்டில் ஒட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.